அரசு ஆய்வகத்தில் பொருளறிவியலாளராகச் சேர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மெட்டலர்ஜி, மெட்டீரியல் சயின்ஸ், இயற்பியல், வேதியியல் என்று ஏதோ ஒன்றைப் படித்துவிட்டு, மத்திய அரசின் ஆய்வகத்தில் பொருள்களை ஆராயும் விஞ்ஞானியாகச் சேர விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். விண்ணப்பம் நிரப்புவதில் தொடங்கி நேர்முகத் தேர்வுக்குத் தயாராவதுவரை பல மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறிவு போதாமல் நின்றுபோனவர்கள் அவர்களில் குறைவு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் வாய்ப்பைத் தவறவிட்டவர்களே அதிகம். அதனால் இங்கே படிகளின் வரிசைக்குத்தான் முதலிடம்.

1. முதலில் வயதைக் கணக்குப் போடுங்கள்

பாடத்திட்டத்தை அப்புறம் பார்க்கலாம். ஒரு தாளை எடுத்து உங்கள் பிறந்த தேதியை எழுதுங்கள். அதன் கீழே ஒவ்வொரு வாசலும் உங்களுக்கு எந்த ஆண்டில் மூடும் என்று எழுதுங்கள்.

அணுசக்தித் துறைக்காக பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்தும் ஓராண்டுப் பயிற்சிக்கு (எல்லோரும் ஓசிஇஎஸ் என்பார்கள்; கல்பாக்கம் போன்ற அணு ஆய்வகங்களுக்குப் போகும் வழி இது) பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 26. இஸ்ரோவின் தொடக்கநிலை விஞ்ஞானி, பொறியாளர் பணிக்கு 28. சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்களில் விஞ்ஞானி பணிக்கு 32. மத்தியப் பட்டியலில் உள்ள ஓபிசியினருக்கு 3 ஆண்டும், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 5 ஆண்டும் தளர்வு உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பைத் திறந்து பார்த்துதான் எழுத வேண்டும். பழைய அறிவிப்பை நம்பாதீர்கள்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன்? எம்.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி.யில் சேர்ந்து, 29 வயதில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, “கல்பாக்கத்தில் சேர என்ன செய்யணும் சார்?” என்று வந்து நிற்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அதற்குள் பயிற்சிப் பள்ளியின் வாசல் மூடியிருக்கும். அவர்கள் அந்தத் தேர்வை ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டார்கள். சீக்கிரம் மூடும் வாசலை முதலில் தட்டுங்கள். பிஎச்.டி. வாசல் அதற்குப் பிறகும் திறந்திருக்கும்.

வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓசிஇஎஸ்-க்கு வழக்கமாக அந்த ஆண்டின் ஆகஸ்ட் 1. வேறு பல அறிவிப்புகளில் விண்ணப்பம் முடியும் நாள். ஜூலையில் பிறந்தவருக்கும் செப்டம்பரில் பிறந்தவருக்கும் இந்த ஒரு வரியால் ஒரு முழு வாய்ப்பே கூடலாம், குறையலாம்.

2. பட்டத்தின் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள்

அரசு அறிவிப்புகளில் ‘அத்தியாவசியத் தகுதி’ என்று ஒரு பத்தி இருக்கும். அதில் உங்கள் பட்டத்தின் பெயர் சொல்லுக்குச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நாம் படித்த பாடம் ஒன்றுதானே என்ற வாதம் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேசையில் எடுபடாது.

பி.இ. அல்லது பி.டெக். மெட்டலர்ஜி படித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி, கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி ஆகிய இடங்களில் இந்தப் பிரிவில் படித்து வருபவர்களுக்குப் பெரும்பாலான அறிவிப்புகள் நேரடியாகப் பொருந்தும். திணறுவது எம்.எஸ்சி. மெட்டீரியல் சயின்ஸ், நானோ டெக்னாலஜி படித்தவர்கள்தான். சில அறிவிப்புகளில் அந்தப் பெயர் இருக்கும், சிலவற்றில் இயற்பியலும் வேதியியலும் மட்டுமே இருக்கும். எம்.எஸ்சி.யில் சேரும் முன்பே உங்களுக்குப் பிடித்த ஆய்வகங்களின் பழைய அறிவிப்புகளில் சிலவற்றை எடுத்து இந்தப் பத்தியை மட்டும் படித்துவிடுங்கள். சேர்ந்த பிறகு பட்டத்தின் பெயரை மாற்ற முடியாது.

மதிப்பெண் வரம்பும் உண்டு. ஓசிஇஎஸ்-க்குக் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். சிஜிபிஏ தரும் பல்கலைக்கழகமாக இருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் முறையைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு கடிதமாக வாங்கிவையுங்கள். பத்தால் பெருக்கிப் போட்டுவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

3. எந்த ஆய்வகத்தில் என்ன வேலை

எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் விண்ணப்பித்தால், நேர்முகத் தேர்வில் ஐந்தாவது நிமிடமே அது தெரிந்துவிடும்.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வேக ஈனுலைகளுக்கான (எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் அணு உலைகள்) பொருள்களே மையம். திரவச் சோடியம், அதிக வெப்பம், நியூட்ரான் தாக்குதல் மூன்றையும் பல பத்தாண்டுகள் தாங்கும் உருக்கு வகைகளை அங்கே சோதிக்கிறார்கள். ஒரே சோதனைத் துண்டைச் சுமையோடு ஆண்டுக்கணக்கில் உலையில் தொங்கவிட்டு, அது எவ்வளவு மெல்ல நீள்கிறது என்று அளக்கும் ஊர்வுச் சோதனைகள் அங்கே அன்றாட வேலை. அவசரக்காரர்களுக்கு அது ஒத்துவராது.

ஹைதராபாத்தின் டிஎம்ஆர்எல், டிஆர்டிஓவின் உலோகவியல் ஆய்வகம். கவசத் தகடுகள், ஜெட் எஞ்சின் சுழலிதழ்களுக்கான நிக்கல் கலப்புலோகங்கள், டைட்டானியம் என்று அங்கே வேலை. 2022இல் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் விக்ராந்தின் உடல்பகுதிக்கான டிஎம்ஆர் 249 உருக்கு அங்கேதான் உருவானது. அதைப் பெருமளவில் தயாரித்தது பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில். ஆய்வகத்தில் உருவான ஒரு கலவை ஆயிரக்கணக்கான டன் தகடாக மாறும்வரை கூடவே நடக்கும் வேலை பிடித்தவர்களுக்கு இது நல்ல இடம்.

காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஊரில் எல்லோரும் சிக்ரி என்பார்கள்) வேலை அரிமானம், பேட்டரி, மின்முலாம். உலோகம் துருப்பிடிப்பதைக் கடலோரத்திலேயே வைத்துச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம், பெங்களூரின் தேசிய வானூர்தி, விண்வெளி ஆய்வகம், கொல்கத்தாவின் கண்ணாடி, பீங்கான் ஆய்வகம் ஆகியவையும் சிஎஸ்ஐஆரைச் சேர்ந்தவையே. ராக்கெட் பொருள்களில் ஆர்வம் இருந்தால் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்.

4. சான்றிதழ்களை இப்போதே எடுங்கள்

இதுதான் நம் ஊர் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். தமிழ்நாடு அரசு தரும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மத்திய அரசுப் பணிக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், ‘வசதி படைத்த பிரிவில் இல்லை’ என்ற உறுதியோடு கூடிய ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். உங்கள் சாதியின் பெயர் மத்திய ஓபிசி பட்டியலில் தமிழ்நாட்டின் கீழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பியுங்கள்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அதைக் கேட்டதும் “அப்பா சம்பளமே அதைத் தாண்டுமே” என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் பதவி நிலை தனியாகப் பார்க்கப்படும். அதனால் விதியை முழுதாகப் படிக்காமல் தகுதி இல்லை என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். இந்தச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதும் அறிவிப்பில் இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடினால், கையில் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் அதிலிருக்கும் தேதி உதவாது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பட்டச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயராகவும் இருப்பது நம்மிடம் சாதாரணம். இதைச் சரிசெய்ய மாதங்கள் ஆகும். படிக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

5. கேட் தேர்வு: எந்தத் தாள் என்பதே பாதி வேலை

கேட் என்பது பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வு. அதன் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். டிஆர்டிஓ அதை வைத்துத்தான் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறது. ஓசிஇஎஸ்-க்கு கேட் மூலமும் வரலாம், அவர்களின் சொந்தக் கணினித் தேர்வு நடக்கும் ஆண்டுகளில் அதன் மூலமும் வரலாம். இரண்டையும் எழுதுங்கள். ஒன்றில் சறுக்கினால் மற்றது இருக்கும்.

மெட்டலர்ஜி பிரிவுக்கு எம்டி என்ற தாள். எக்ஸ்இ என்ற பொறியியல் அறிவியல் தாளிலும் பொருளறிவியல் ஒரு பகுதியாக வரும், அது எளிதாகவும் தோன்றும். எம்.டெக். சேர்க்கைக்கு அது உதவும். ஆனால் வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் எம்டி தாளையே பெயர் சொல்லிக் கேட்கும். எளிதென்று எக்ஸ்இ எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர், விண்ணப்பப் படிவத்தில் தன் தாளின் பெயரே இல்லாததைப் பார்த்துத் திகைப்பார். இயற்பியல், வேதியியல் மாணவர்கள் தங்கள் துறைத் தாளையே எழுதுவது பாதுகாப்பு.

தயாரிப்பைப் பொறுத்தவரை வெப்ப இயக்கவியல், விரவல் (டிஃப்யூஷன்), நிலைமாற்றங்கள், இயந்திரவியல் பண்புகள் ஆகிய நான்கிலும் கணக்குப் போட்டுப் பழகுங்கள். வாசித்துப் புரிந்துகொள்வது போதாது, ஏனென்றால் எண்ணாக விடை கேட்கும் கேள்விகளில் தேர்ந்தெடுக்க விருப்பங்கள் இருக்காது.

6. ஒரு சோதனையையாவது உங்கள் கையால் முழுதாகச் செய்யுங்கள்

கேட் உங்களை நேர்முகத் தேர்வு அறைக்குள் அனுப்பும். உள்ளே பேசப்போவது நீங்கள் கையால் செய்த வேலை. இறுதியாண்டு புராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்குவது, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை யாரோ எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவது, இவையெல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும். பெரிய கருவி வேண்டியதில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இருப்பதை வைத்தே ஆழமாக ஒன்று செய்யலாம்.

உதாரணத்துக்கு 304 துருவேறா எஃகில் இரண்டு துண்டுகள் எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றதை மஃபிள் உலையில் 675 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். இரண்டையும் எமரித் தாளில் கரடான எண்ணிலிருந்து நுண்ணிய எண்ணுக்குத் தேய்த்து வாருங்கள். ஒவ்வொரு தாள் மாறும்போதும் துண்டை 90 டிகிரி திருப்புங்கள். முந்தைய தாளின் கீறல்கள் முழுதும் மறைந்தால்தான் அடுத்த தாள். பெரும்பாலோர் பொறுமையிழக்கும் இடம் இது: நுண்ணிய தாளில் பளபளப்பு வந்துவிடும், ஆனால் அடியில் முதல் தாளின் ஆழமான கீறல் இருக்கும். அது நுண்ணோக்கியில் நேர்கோடாக வந்து நிற்கும். பிறகு அலுமினாவோ வைரப் பசையோ இட்ட துணியில் மெருகேற்றுங்கள்.

அரிப்புக் கரைசலில்தான் அடுத்த தவறு. சாதாரண உருக்குக்குப் போடும் நைட்டாலை (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) பழக்கத்தில் இதற்கும் ஊற்றுவார்கள். துருவேறா எஃகில் அது ஒன்றும் செய்யாது. 10 சதவீத ஆக்சாலிக் அமிலத்தில் துண்டை நேர்மின்வாயாக வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதம் ஒன்றரை நிமிடம் மின்சாரம் செலுத்துங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஆவியை உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள்.

இப்போது நுண்ணோக்கியில் பாருங்கள். சூடாக்காத துண்டில் மணிகளுக்கு (உலோகத்தின் நுண்படிகங்களுக்கு) இடையே படிக்கட்டு போன்ற மெல்லிய எல்லைகள் தெரியும். சூடாக்கியதில் மணிகளைச் சுற்றிக் கறுப்பாகப் பள்ளம் தோண்டியதுபோல இருக்கும். அந்தக் கறுப்புக் கோடு ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த படிக்கு நீங்கள் தயார்.

7. நேர்முகத் தேர்வு

ஓசிஇஎஸ் நேர்முகத் தேர்வு நீளமானது, ஆழமானது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் உங்களை அழைப்பதோடு முடிந்துவிடும். இறுதிப் பட்டியல் நேர்முகத் தேர்வில் நீங்கள் செய்வதை வைத்தே வரும். பிடித்த பாடங்களை நீங்களே சொல்லலாம். அதிலிருந்து குழு ஒரு நூலைப் பிடித்து இழுக்கும். மேலே சொன்ன சோதனையைச் செய்தவரிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

“304ஐ வெல்டிங் செய்தால் வெல்டுக்குப் பக்கத்தில் ஏன் அரிக்கிறது?”

“500லிருந்து 800 டிகிரி வரைக்கும் சூடாகிற பகுதியில் குரோமியம் கார்பைடு மணி எல்லையில் படிகிறது சார். பக்கத்தில் குரோமியம் குறைந்துபோய் பாதுகாப்புப் படலம் நிற்பதில்லை.”

“அப்போ கார்பனைக் குறைச்சிடுங்க.”

“குறைக்கலாம் சார், 304 எல் அப்படித்தான். ஆனால் உயர்வெப்பத்தில் வலிமை குறையும்.”

“கல்பாக்கம் உலையில் சோடியம் 547 டிகிரி. அங்கே என்ன செய்வீங்க?”

இங்கே 316 எல்என் என்ற பெயர் வரவேண்டும். கார்பனைக் குறைத்து, இழந்த வலிமையை நைட்ரஜனால் ஈடுகட்டிய உருக்கு அது. எல் கார்பன் குறைவு என்பதையும் என் நைட்ரஜனையும் குறிக்கின்றன. பெயரை மனப்பாடம் செய்து சொல்பவருக்கும், இந்தப் படிகளில் நடந்து அங்கே வந்து சேர்பவருக்கும் உள்ள வித்தியாசம் குழுவுக்கு உடனே தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது அந்த நடையைத்தான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, “தெரிந்ததிலிருந்து முயன்று பார்க்கட்டுமா சார்?” என்று கேளுங்கள். பலகையில் எழுதிக் காட்டப் பழகுங்கள். இரும்பு–கார்பன் வரைபடத்தை 727 டிகிரிக் கோட்டோடு பார்க்காமல் வரையத் தெரியவேண்டும். எக்ஸ்கதிர் விளிம்புவிளைவு (எக்ஸ்ஆர்டி) செய்தேன் என்று எழுதியிருந்தால், செம்பு எக்ஸ்கதிர்க் குழாயில் இரும்பு மாதிரிக்கு ஏன் பின்னணி இரைச்சல் கூடுகிறது என்ற கேள்வி வரும். விடை, இரும்பே ஒளிர்ந்துவிடுகிறது என்பது. அதனால்தான் கோபால்ட் குழாயை விரும்புகிறார்கள். ஆங்கிலம் தடுமாறினால் கவலைப்பட வேண்டாம். எளிய சொற்களில் சரியாகச் சொன்னால் போதும்.

8. வயது வாசல்கள் மூடிய பிறகு: பிஎச்.டி. வழி

இது இரண்டாந்தர வழி என்று நினைக்க வேண்டாம். சிஎஸ்ஐஆரில் பெரும்பாலான விஞ்ஞானிகள் இப்படித்தான் வருகிறார்கள். நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது கேட் மூலம் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கி, ஆய்வகத்திலேயே பிஎச்.டி. செய்யலாம். 2023 தொடக்கத்திலிருந்து ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) 42,000, வீட்டுவாடகைப்படி தனி. சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் பட்டம் தருவது அதன் கல்வி நிறுவனமான ஏசிஎஸ்ஐஆர், அணுசக்தித் துறையில் ஹோமி பாபா தேசிய நிறுவனம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் முன்பு படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். 32 வயது வரம்பை மனதில் வைத்தால், ஏழு ஆண்டு இழுக்கும் பிஎச்.டி. நல்ல ஆய்வாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

புராஜெக்ட் அசோசியேட் போன்ற ஒப்பந்தப் பணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவை நிரந்தரமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருவிகளைக் கற்கவும் கட்டுரை எழுதவும் ஓரிரு ஆண்டு நல்லது. அதற்கு மேல் வயதுதான் கரையும்.

9. தேர்வான பிறகு

ஓசிஇஎஸ், டிஆர்டிஓ, இஸ்ரோ மூன்றிலும் தொடக்கம் மத்திய அரசின் சம்பள அட்டவணையில் லெவல் 10, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். சிஎஸ்ஐஆர் விஞ்ஞானிக்கு லெவல் 11, 67,700 ரூபாய். அணுசக்தித் துறையில் மருத்துவப் பரிசோதனை கண்டிப்பானது. பயிற்சியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்தால்தான் பணி. மூன்று ஆண்டு வேலை செய்வதாகப் பத்திரம் எழுதித் தரவேண்டும். கையெழுத்திடும் முன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

காவல்துறைச் சரிபார்ப்புப் படிவத்தில் கடந்த ஆண்டுகளில் குடியிருந்த முகவரிகள் அத்தனையும் கேட்பார்கள். விடுதி, வாடகை அறை எதையும் விடாதீர்கள். சின்ன வழக்கு இருந்தாலும் மறைக்காதீர்கள், ஏனென்றால் வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும்.

பதவி உயர்வு காலியிடத்தைப் பொறுத்தது அல்ல. டிஆர்டிஓ, அணுசக்தி, இஸ்ரோ போன்ற இடங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் முடிந்ததும் உங்கள் வேலையை மதிப்பிட்டு அடுத்த நிலைக்கு உயர்த்துவார்கள். டிஆர்டிஓவில் தொடக்கமான ‘விஞ்ஞானி பி’ நிலையிலிருந்து சி நிலைக்கு வழக்கமாக மூன்று ஆண்டு, பிறகு நான்கு, அப்புறம் ஐந்து என்று போகும். அந்த மதிப்பீட்டில் கேட்கப்படுவது, குழுவின் வேலையில் உங்கள் கை எது என்பது. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேடு வையுங்கள்: எந்த உருக்குத் தொகுதி, எந்த உலை, என்ன வெப்பநிலை, சோதனை தோற்றிருந்தால் எங்கே தோற்றது. மூன்று ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் பாதி வேலை மறந்திருக்கும்.

கட்டுரை வெளியிடும் முன் ஆய்வகத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்கும் அப்படித்தான். மாநாட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிய பிறகு அனுமதி கேட்டால் கிடைக்காது. கட்டுரைச் சுருக்கத்தை எழுத ஆரம்பிக்கும்போதே அனுமதிப் படிவத்தையும் நிரப்பிப் பிரிவுத் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.